காற்றுக்கும் வெயிலுக்கும் பொறுப்பைக் கொடுங்கள்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணியைத் தாண்டிய சற்று நேரத்தில் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அந்நாட்டு எரிசக்தி அமைச்சரே சொன்னார். உலகப் பத்திரிகைகள் சிரித்தன. சிரிப்பில் கேட்க வேண்டிய கேள்வி அமுங்கிப்போனது. துணைமின் நிலையங்களில் குரங்கும் அணிலும் பாம்பும் புகுவது புதிதல்ல. அந்த ஊருக்கு அரை மணி நேரம் மின்சாரம் போகும், ஊழியர் வந்து சரிசெய்துவிட்டுப் போவார். இங்கே ஒரு துணைமின் நிலையத்தின் கோளாறு எப்படி ஒரு நாட்டையே இருட்டாக்கியது? ஞாயிறு என்பதால் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் இல்லை. மொத்தத் தேவையே குறைவு. நல்ல வெயில் என்பதால் அந்தக் குறைந்த தேவையிலும் பெரும்பங்கைச் சூரியத் தகடுகள் நிரப்பிக்கொண்டிருந்தன. கனமான இயந்திரங்கள் சுழலும் நிலையங்கள் சிலதான் ஓடிக்கொண்டிருந்தன. அடி விழுந்தபோது தாங்குவதற்குக் கட்டமைப்பில் கனம் இல்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் சேர்ந்து நின்றுபோனதால் அடுத்த இரண்டு நாட்களும் சுழற்சி முறையில் மின்வெட்டு. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, வீட்டுக் கூரையில் தகடு வைத்திருப்பவர்கள் பகலில் அதை நிறுத்திவையுங்கள் என்று இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. கையில் வேறு பிடி இல்லாத நிர்வாகம் வேண்டுகோள்தானே விட முடியும்?

கனம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது; இதுதான் அதிர்வெண். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் டர்பைனும் அதோடு இணைந்த ஜெனரேட்டரும் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுவதால் வருவது அந்த 50. பல டன் எடையுள்ள இரும்பு அந்த வேகத்தில் சுழல்கிறது. நாட்டின் இத்தகைய இயந்திரங்கள் எல்லாம் கம்பியால் பிணைக்கப்பட்டு ஒரே தாளத்தில் சுழல்கின்றன. எங்கோ ஒரு நிலையம் திடீரென்று நின்றால் மற்றவற்றின் வேகம் குறையத் தொடங்கும். ஆனால் உடனே அல்ல. ஓடுகிற தேர் வடத்தை விட்டவுடன் நின்றுவிடாததுபோல, சுழலும் இரும்பு சில நொடிகள் தாக்குப்பிடிக்கும். அந்தச் சில நொடிக்குள் நீர்மின் நிலையங்களின் மதகு திறக்க வேண்டும், மற்ற நிலையங்கள் நீராவியைக் கூட்ட வேண்டும், முடியாவிட்டால் சில ஊர்களின் இணைப்பைத் துண்டித்தாவது மீதியைக் காப்பாற்ற வேண்டும். சூரியத் தகட்டில் சுழல்வதற்கு ஒன்றுமில்லை. அதன் மின்சாரம் இன்வெர்ட்டர் என்ற மின்னணுப் பெட்டி வழியாக வருகிறது. அந்தப் பெட்டிக்குச் சுழலும் எடை கிடையாது; என்ன செய்யச் சொல்லி அதில் எழுதிவைத்திருக்கிறோமோ அதை மட்டுமே செய்யும். தகராறு வந்தால் ஒதுங்கிக்கொள் என்றுதான் ஆரம்ப நாட்களில் உலகம் முழுக்க அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மொத்த உற்பத்தியில் அதன் பங்கு சொற்பமாக இருந்த காலத்தில் அது சரியான அறிவுரை. பாதிக்கு மேல் அதுவே சுமக்கும் காலத்தில், தகராறு வந்தவுடன் பாதிப்பேர் எழுந்து போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

இதைக் கேட்டவுடன் ஒரு முடிவுக்கு வருபவர்கள் நிறைய: காற்றும் வெயிலும் நம்பத் தகுந்தவை அல்ல, நிலக்கரியே கதி. அந்த முடிவு அவசரமானது என்பதை ஸ்பெயின் காட்டுகிறது. அதே 2025, ஏப்ரல் 28. மதியம் 12.33 மணிக்குச் சில நொடிகளில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. மெட்ரோ ரயில்கள் நடுவழியில் நின்றன, கைபேசிகள் செத்தன, கடைகளில் அட்டை எடுபடவில்லை. அப்போது ஸ்பெயினின் உற்பத்தியில் பாதிக்கு மேல் சூரியனுடையது என்பதால் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. ஜூன் மாதம் அந்நாட்டு அரசு வெளியிட்ட அறிக்கை வேறு கதையைச் சொன்னது. கட்டமைப்பு விழுந்தது மின்சாரம் போதாமல் அல்ல, வோல்டேஜ் கட்டுக்கடங்காமல் ஏறியதால். நீண்ட உயர் அழுத்த லைன்களில் சுமை குறைவாக இருந்தால் அந்த லைன்களே வோல்டேஜைத் தூக்கிவிடும். யாராவது அதை உறிஞ்சி இறக்க வேண்டும். அந்த வேலைக்காக அமர்த்தப்பட்ட நிலையங்கள் எரிவாயு போன்ற மரபான நிலையங்கள். அதற்கான ஊதியமும் பெற்றவை. அவற்றில் ஒன்று முதல் நாளே வர முடியாது என்று சொல்லிவிட்டது. அதற்கு மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை. வந்தவற்றிலும் சில, செய்ய வேண்டிய அளவுக்கு அந்த வேலையைச் செய்யவில்லை. சூரிய, காற்று நிலையங்களோ அந்த வேலையைச் செய்யும் கருவி கையில் இருந்தும் செய்யவில்லை. ஏனென்றால் 2000-ஆம் ஆண்டில் எழுதிய விதி அவற்றைச் செய்யவிடவில்லை. வோல்டேஜ் ஏற ஏற நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கழலக் கழல வோல்டேஜ் இன்னும் ஏறியது. விபத்து நடந்த சில வாரங்களில் அந்தப் பழைய விதி திருத்தப்பட்டது. கால் நூற்றாண்டு சும்மா கிடந்த ஒரு வாக்கியத்தை மாற்ற இரண்டு நாடுகள் இருட்ட வேண்டியிருந்தது.

தெற்கு ஆஸ்திரேலியா இந்தப் பாடத்தைச் சுமார் ஒன்பது ஆண்டுகள் முன்பே படித்தது. 2016 செப்டம்பர் 28 அன்று சுழற்காற்றில் உயர் அழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. அடுத்தடுத்து வோல்டேஜ் தாழ்ந்து தாழ்ந்து மீண்டது. ஒவ்வொரு தாழ்வையும் காற்றாலைகள் தாங்கின. ஆனால் குறுகிய நேரத்தில் இத்தனை முறைக்கு மேல் தாழ்ந்தால் விலகிவிடு என்று அவற்றின் மென்பொருளில் ஓர் எண் இருந்தது. அப்படியொரு எண் இருப்பதே கட்டமைப்பை இயக்குபவர்களுக்குத் தெரியாது. சில நொடிகளில் 456 மெகாவாட் மறைந்தது. அந்தப் பளு முழுவதும் பக்கத்து விக்டோரியா மாநிலத்திலிருந்து வரும் லைன் மீது விழ, அதுவும் இணைப்பைத் துண்டித்துக்கொண்டது. மாநிலம் முழுக்க இருள். நிலக்கரியைக் கைவிட்டதன் பலன் இது என்று அங்கும் அரசியல்வாதிகள் முழங்கினார்கள். பொறியாளர்கள் அந்த எண்ணை மாற்றினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி வந்தது. பின்னர் அந்தப் பேட்டரியே சுழலும் இயந்திரத்தின் கனத்தை மென்பொருளால் பாவித்துக் காட்டவும், அதற்குக் கட்டமைப்பு இயக்குநரின் ஒப்புதல் பெறவும் செய்தது. மின்சாரமே உற்பத்தி செய்யாமல் கனத்துக்காக மட்டும் சுழலும் நான்கு இயந்திரங்களையும் நிறுவினார்கள். இன்று அந்த மாநிலத்தில் காற்றும் வெயிலும் 2016-ஐவிட அதிகம்.

ஆக, சிக்கல் எரிபொருளில் இல்லை. யார் எந்தப் பொறுப்பைச் சுமப்பது என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. காற்றாலைக்கும் சூரிய நிலையத்துக்கும் இதுவரை நாம் கொடுத்துவந்த சலுகை, ‘நீ யூனிட்டை மட்டும் கொடு, கட்டமைப்பை மற்றவர் பார்த்துக்கொள்வார்’ என்பது. வளரும் பிள்ளைக்குக் கொடுத்த அந்தச் சலுகையை எடுத்துவிட்டு, வோல்டேஜைப் பிடித்து நிறுத்துவது, அதிர்வெண் சரியும்போது கைகொடுப்பது ஆகிய வேலைகளை அவற்றிடமே ஒப்படைக்க வேண்டும். செய்த வேலைக்குப் பணமும் தர வேண்டும். அவற்றை ஏற்றி இறக்கும் அதிகாரம், மின்சாரத்தை வாங்கும் தரப்பிடம் இல்லாமல் நடுநிலையான கையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு இப்போதைய அவசரத் தேவை இன்னொரு மின் நிலையத்தைவிட இதுதான் என்பது என் வாதம்.

விதியும் விலையும் கட்டமைப்பைத் திருத்தும் என்பதற்கு நம் நாட்டின் அனுபவமே சாட்சி. 1990-களில் தென்மாநிலங்களின் அதிர்வெண் 50-இல் நிற்பதே அபூர்வம். 48 ஹெர்ட்ஸ் வரை இறங்கி, மோட்டார்கள் காய்ந்து, டர்பைன் தகடுகள் நடுங்கிய காலம் அது. எந்த மாநிலமும் தன் ஒதுக்கீட்டைவிட அதிகம் இழுத்துக்கொள்ளலாம், அதற்குத் தண்டனை இல்லை. 2003 ஜனவரியில் தென்மண்டலத்துக்கு ஒரு புதிய கட்டண முறை வந்தது. நாள் 96 கால்மணி நேரத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது; ஒவ்வொரு துண்டிலும் சொன்னதற்கு மேல் இழுத்தால், அப்போதைய அதிர்வெண்ணுக்கு ஏற்றபடி அபராதம். ஒரு புதிய நிலையம்கூட இல்லாமல் அதிர்வெண் சீரடையத் தொடங்கியது. வரம்பு படிப்படியாக இறுக்கப்பட்டு, இன்று 49.90 முதல் 50.05 வரைதான் அனுமதி. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா அடுத்தடுத்து இருண்டதற்கும், ஒழுங்கு மீறி இழுத்த மாநிலங்களும் அதைத் தடுக்க முடியாத கட்டுப்பாட்டு மையங்களும் முக்கியக் காரணம். (தென்மண்டலம் அப்போது தப்பியது நம் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல, அன்று நாம் வடக்கோடு ஒரே தாளத்தில் பிணைக்கப்படவில்லை. 2013-இன் கடைசி நாளில் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாகத்தான் அந்தப் பிணைப்பு நடந்தது.) எட்டு ஆண்டு கழித்து, 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு நாடே ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்தபோது தேவை சில நிமிடங்களில் சுமார் 31,000 மெகாவாட் சரிந்து, மீண்டும் எழுந்தது. கட்டமைப்பு குலையவில்லை. ஒவ்வொரு நீர்மின் நிலையமும் எந்த நிமிடத்தில் எவ்வளவு இறக்க வேண்டும், எப்போது ஏற்ற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது, சொன்னபடி செய்தார்கள். எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதைவிட, இருப்பதைச் சொன்னபடி ஏற்றி இறக்க முடிகிறதா என்பதே முக்கியம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். காற்றாலைகளின் நிறுவுதிறன் இங்கே 11,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. சூரிய மின்சக்தியும் அதற்கு இணையாக வந்துகொண்டிருக்கிறது. இதுவரையிலான உச்ச மின்தேவைகளில் ஒன்றான 2024 மே 2-ஆம் தேதியின் 20,830 மெகாவாட்டோடு இதை ஒப்பிட்டால் அளவு புரியும். ஆடிக் காற்று வீசும் நாளில் ஆரல்வாய்மொழியிலும் செங்கோட்டைக் கணவாயிலும் பாலக்காட்டு இடைவெளியிலும் 5,000 மெகாவாட்டுக்கு மேல் கொட்டும். தை மாதத்தில் அதில் சிறு பங்குகூட இருக்காது. ஒரே நாளுக்குள்ளும் காற்று ஏறி இறங்கும். மேகம் மறைத்தால் கமுதி சூரிய மின் நிலையம் போன்ற இடத்தில் நூற்றுக்கணக்கான மெகாவாட் நிமிடங்களில் தணியும். முப்பந்தலில் இன்னும் சுற்றும் 1990-களின் சிறிய காற்றாலைகள் பல, 250 கிலோவாட் அளவிலானவை. அவற்றின் ஜெனரேட்டர் வோல்டேஜைத் தாங்குவதற்குப் பதிலாகக் கட்டமைப்பிடமிருந்தே தாங்கலைக் கேட்கும் வகை; வோல்டேஜ் சற்றுத் தாழ்ந்தாலும் விலகிவிடும். தாழ்வைத் தாங்கி ஓட வேண்டும் என்ற நிபந்தனை 2014-க்குப் பின் இணைந்தவற்றுக்குத்தான். நாட்டின் ஆகச் சிறந்த காற்று வீசும் இடங்கள் நாட்டின் ஆகப் பலவீனமான இயந்திரங்களிடம் சிக்கியிருக்கின்றன என்பது தமிழ்நாடு முன்னோடியாக இருந்ததற்குக் கொடுக்கும் விலை.

காற்று அதிகமாகும்போது என்ன நடக்கிறது? ‘பேக் டவுன்’ என்ற உத்தரவு போகிறது: உற்பத்தியைக் குறை. காற்றும் வெயிலும் தவிர்க்க முடியாத பாதுகாப்புக் காரணம் இருந்தால் ஒழியக் குறைக்கப்படக் கூடாதவை என்பது சட்டநிலை. ஆனால் உத்தரவு பாதுகாப்புக்காகப் போகிறதா, அல்லது ஒப்பந்த விலை அதிகமுள்ள மின்சாரத்தை வாங்காமல் தவிர்க்கப் போகிறதா என்பதை வெளியே இருப்பவர் அறிய வழியில்லை. சூரிய மின் உற்பத்தியாளர்கள் இதை எதிர்த்து மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. குறைப்பு உத்தரவுகள் போன நேரங்களில் அதிர்வெண் வரம்புக்குள் இருந்ததா என்று நாட்டின் கட்டமைப்பு இயக்குநரை ஆராயச் சொல்லி, பாதுகாப்புக் காரணமின்றிக் குறைத்தவற்றுக்கு இழப்பீடு தரத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இதில் தனிமனிதர் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, அமைப்பே அப்படி. மாநில மின்சுமை பகிர்வு மையம், மின்வாரியத்திலிருந்து பிரிந்த தொடரமைப்புக் கழகத்தின் கீழ் இருக்கிறது. மின்சாரத்தை வாங்கி, கடனில் தத்தளிக்கும் பகிர்மானக் கழகம் அதன் உடன்பிறப்பு. 2003 மின்சாரச் சட்டம் பகிர்வு மையம் மின்வணிகத்தில் ஈடுபடக் கூடாது என்கிறது. அதைத் தனி நிறுவனமாக ஆக்கவும் வழி வைத்திருக்கிறது. அதுவரை தொடரமைப்புக் கழகமே நடத்தலாம் என்று ‘இடைக்கால’ ஏற்பாடாகச் சட்டம் அனுமதித்தது இருபது ஆண்டு தாண்டி நிற்கிறது. நடுவர் ஓர் அணியின் சம்பளப் பட்டியலில் இருந்தால், அவர் நேர்மையாக ஊதும் விசிலையும் யாரும் நம்பமாட்டார்கள்.

தனி மையம் வந்தால் மட்டும் என்ன மாறிவிடும், அங்கேயும் அதே பொறியாளர்கள்தானே என்பது நியாயமான கேள்வி. மாறுவது பொறியாளர் அல்ல, கணக்கு. ஒவ்வொரு குறைப்பு உத்தரவும் எந்தக் கால்மணித் துண்டில், எந்த அதிர்வெண்ணில், எந்த லைனின் பளுவுக்காகப் போனது என்று அடுத்த நாளே வெளியிட வேண்டும் என்றால், பாதி உத்தரவுகள் போகாது. மீதியை யாரும் எதிர்க்கமாட்டார்கள். அதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டவர்களிடம் புதுப் பொறுப்பைத் திணிப்பது சரியா? திணிக்க வேண்டாம். இன்றைய பெரிய சூரிய நிலையங்களின் இன்வெர்ட்டர்களில் பலவற்றுக்கு வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் திறன் ஏற்கெனவே இருக்கிறது. சூரியன் இல்லாத இரவிலும் சில வகைகள் அதைச் செய்யும். தேவைப்படுவது பெரும்பாலும் அமைப்பு மாற்றமும் அதற்கான கட்டணமும்தான். முப்பந்தலின் பழைய காற்றாலைகளை அப்படித் திருத்த முடியாது. அவற்றுக்குப் பதில் பெரிய இயந்திரம் வைப்பதே வழி. சிறு நிலத்துண்டுகளும் பல உரிமையாளர்களும் இருப்பதால் அது மெதுவாகத்தான் நடக்கும். அதுவரை அந்தப் பகுதித் துணைமின் நிலையங்களில் வோல்டேஜைத் தாங்கும் கருவிகளை அரசே வைக்க வேண்டியிருக்கும். கூரைத் தகடுகளின் கதை வேறு: ஒவ்வொன்றும் சிறிது, சேர்ந்தால் பெரிது, பகிர்வு மையத்தின் திரையில் எதுவும் தெரிவதில்லை. இலங்கை மின்சார சபைக்கு நேர்ந்த நிலை நமக்கு வராமல் இருக்க, மானியம் கொடுத்து மாட்டும் ஒவ்வொரு புதிய இன்வெர்ட்டரும் அவசரத்தில் சொல் கேட்கும் வகையாக இருக்க வேண்டும் என்று இப்போதே சொல்வது மலிவு. பத்து லட்சம் வீடுகளில் மாட்டிய பிறகு சொல்வது மிகப் பெரிய செலவு.

இன்னொரு பக்கம் தேவை. கட்டுப்பாடு என்றாலே உற்பத்தியை ஏற்றி இறக்குவது என்று நினைத்துப் பழகிவிட்டோம். தேவையையும் நகர்த்தலாம். தமிழ்நாட்டில் உயர் அழுத்தத் தொழிற்சாலைகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 5 வரை 5 சதவீதத் தள்ளுபடி என்பது நெடுநாள் வழக்கம். இரவில் அனல்மின் நிலையங்களை நிறுத்த முடியாமல் மின்சாரம் மிஞ்சிய காலத்தின் ஏற்பாடு அது. இன்று மிஞ்சுவது நடுப்பகலில். மின்சந்தையில் சில நாட்கள் நண்பகல் விலை ஒரு ரூபாய்க்கும் கீழே போகிறது, மாலை ஏழு மணிக்கு அதே சந்தை 10 ரூபாய் உச்சவரம்பைத் தொடுகிறது. 2023-இல் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் விதிகள் வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் குறைவான கட்டணம் வேண்டும் என்கின்றன. கோயம்புத்தூர், திருப்பூர் ஆலைகள் விலையைப் பார்த்து ஷிப்ட்டை மாற்றும் பழக்கமுள்ளவை. உரிய விலை சொன்னால் மாற்றும். இருபது லட்சத்துக்கும் அதிகமான இலவச விவசாய இணைப்புகளின் மும்முனை மின்சாரத்தை முழுக்கப் பகலுக்குக் கொண்டுவந்தால் விவசாயிக்கும் நல்லது. நள்ளிரவில் வரப்பில் நடந்து பம்பு போடப் போய்ப் பாம்பு கடி வாங்க வேண்டியதில்லை.

நிலக்கரி நிலையங்கள் நாளைக்கே மூடப்படப் போவதில்லை, மூட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அவற்றையும் 55 சதவீதத் திறன் வரை இறக்கி ஓட்டப் பழக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிகள் சொல்கின்றன. படிப்படியாக 40 வரை. அதற்குச் செலவும் தேய்மானமும் உண்டு. ஆனால் கனத்துக்காக நிலக்கரியே வேண்டும் என்ற வாதம், மாற்று விலை கூடியதாக இருந்தவரைதான் செல்லும். 2022-இல் இந்தியாவில் முதல் பெரிய பேட்டரி டெண்டர் மெகாவாட்டுக்கு மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனது. 2025-இல், மத்திய அரசின் உதவித்தொகையோடு, 2 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. மலைகளும் இருக்கின்றன. ஆனைமலையில் 1980-களின் இறுதியில் முடிந்த 400 மெகாவாட் காடம்பாறை நிலையம், இரவு மிச்சத்தில் மேல் ஆழியாறு தண்ணீரை மேலே ஏற்றி, மாலைத் தேவைக்கு இறக்குவதற்காகக் கட்டப்பட்டது. அதே இயந்திரங்கள் இப்போது நண்பகலில் ஏற்றலாம். நீலகிரியில் குந்தாவின் 500 மெகாவாட் நீரேற்று நிலையம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. புதிய நிறுவுதிறன் அறிவிப்புகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்பங்கு அதற்குக் கிடைத்தாலும் போதும். மாநிலம் அடுத்து வெளியிடும் சூரிய, காற்று, பேட்டரி டெண்டர்களின் ஆவணத்தைப் பாருங்கள். யூனிட் விலை எவ்வளவு என்ற பத்தி நிச்சயம் இருக்கும். வோல்டேஜ் ஏறினால் நிலையம் என்ன செய்ய வேண்டும், அதிர்வெண் 49.90-க்குக் கீழே போனால் எத்தனை நொடியில் கைகொடுக்க வேண்டும், செய்தால் என்ன தருவோம், செய்யாவிட்டால் என்ன பிடிப்போம் என்ற பத்திகள் இருக்கின்றனவா என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விசாரணையில் நுகர்வோர் சங்கங்கள் கேட்க வேண்டும்.